கட்டற்ற மென்பொருள் மாநாடு: அமர்வுகளையும் தடங்களையும் திட்டமிடுவது எப்படி?

மாநாடு நடத்தலாம் என்று முடிவானதும் பெரும்பாலான குழுக்கள் முதலில் செய்வது, பேச விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு விடுவது. நூறு விண்ணப்பங்கள் குவிந்த பிறகுதான் முப்பது பேச்சுக்கு மேல் இடமில்லை என்று தெரியவரும். வேறு சில குழுக்கள் ஐந்து அறைகளை முன்கூட்டியே பிடித்துவிட்டு, அவை காலியாகக் கிடக்கக் கூடாதே என்று சுமாரான பேச்சுகளையும் அள்ளிப் போட்டுக்கொள்ளும். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். என்ன வடிவம், எத்தனை இடம் என்ற கணக்கைப் போடாமல் பேச்சாளர்களைத் தேடப் போவது.

150 முதல் 500 பேர் வரை வரக்கூடிய ஒரு நாள் அல்லது இரண்டு நாள் மாநாட்டை முதன்முறையாக நடத்துபவர்களுக்கு இந்த வழிகாட்டி. வேலையை மாநாட்டுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

முதலில்: வருபவர்கள் யார்?

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். அதற்கான மாநாட்டுக்கு மூன்று வகையினர் வருகிறார்கள். மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் புதிதாகக் கற்பவர்களும் ஒரு வகை. ஏதாவது ஒரு திட்டத்துக்குப் பங்களித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த வகை. திட்டங்களைத் தாங்கிப் பிடிக்கும் பராமரிப்பாளர்கள் மூன்றாவது. முதல் வகையினருக்குப் பேச்சும் பட்டறையும் வேண்டும். மூன்றாம் வகையினருக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவையில்லை. மின்னஞ்சலில் மாதக்கணக்கில் இழுபடும் சிக்கலை நேருக்கு நேர் உட்கார்ந்து தீர்க்க ஒரு மேசையும் இரண்டு மணி நேரமும் கிடைத்தால் போதும். உங்கள் கூட்டத்தில் எந்த வகை அதிகம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஏற்கெனவே நடந்துவரும் மாநாடுகளின் வடிவம் இந்தக் கேள்விக்கு ஏற்பத்தான் வேறுபடுகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அங்கே பெரும்பாலான அறைகள் தனித்தனிச் சமூகங்களின், அதாவது ஒரு மென்பொருளையோ தலைப்பையோ சுற்றிக் கூடும் குழுக்களின், கையில் விடப்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதிகளை உருவாக்குபவர்களுக்காக 2008இல் தொடங்கிய லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் பெரும்பகுதி நேரம் ‘மைக்ரோ கான்ஃபரன்ஸ்’ எனும் சிறு கூட்டங்களுக்கே போகிறது. முடிந்த வேலையைக் காட்டிப் பேச அங்கே இடம் குறைவு. இன்னும் தீராத சிக்கலை முன்வைத்து விவாதிக்க வேண்டும். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் டெப்கான்ஃப் மாநாட்டில், மாநாட்டுக்கு முந்தைய நாள்கள் டெப்கேம்ப் என்ற பெயரில் கூடி வேலை செய்வதற்கே ஒதுக்கப்படுகின்றன. இவற்றில் எதையும் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கூட்டம் எதற்கு நெருக்கமானது என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

இடக் கணக்கு

காலை 9.30 முதல் மாலை 5.30 வரை எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். மதிய உணவுக்கு 75, காலையிலும் மாலையிலும் தலா 30 நிமிட இடைவேளை, தொடக்கத்துக்கும் நிறைவுக்கும் தலா 15, சிறப்புரைக்கு 45. மிஞ்சுவது 270 நிமிடம்.

ஒரு பேச்சுக்கு 25 நிமிடம், கேள்விகளுக்கு 5, அடுத்த பேச்சாளர் மடிக்கணினியை இணைக்கவும் கூட்டம் அறை மாறவும் 10. ஆக ஒரு கட்டம் 40 நிமிடம். அறை ஒன்றுக்கு ஒரு நாளில் ஆறு கட்டங்கள் போட்டால் 240 நிமிடம் போகும். மீதி 30 நிமிடத்தை ஐந்து நிமிடக் குறும்பேச்சுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று அறை, இரண்டு நாள் என்றால் மொத்தம் 36 பேச்சுகள். அவ்வளவுதான். அழைப்பின் பேரில் வரும் பேச்சாளர்களுக்கு மூன்று நான்கு இடம் ஒதுக்கினால், திறந்த விண்ணப்பத்துக்கு 32 இடமே மிஞ்சும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சண்டையும் இதைச் சுற்றித்தான் நடக்கும்.

அந்தப் பத்து நிமிட இடைவெளியைக் குறைத்து இன்னும் இரண்டு பேச்சைச் செருகலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விடாதீர்கள். புரொஜெக்டரில் படம் வராமல் போவது, மைக் மாற்றுவது, கேள்வி கேட்டவர் விடாமல் பேசுவது எல்லாவற்றுக்கும் நேரம் அங்கிருந்துதான் வருகிறது. ஐந்து நிமிட இடைவெளியோடு தொடங்கிய அறை, மதியத்துக்குள் இருபது நிமிடம் பின்தங்கிவிடும். ஒரு அறை பின்தங்கினால் பக்கத்து அறைக்குப் போக நினைத்தவர் இரண்டையும் இழப்பார். இதே காரணத்துக்காகத்தான் எல்லா அறைகளிலும் கட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒரு அறையில் 25 நிமிடப் பேச்சும் அடுத்ததில் 45 நிமிடப் பேச்சும் என்று கலந்துகட்டி வைத்தால் யாரும் அறை மாற முடியாது. நீண்ட நேரம் தேவைப்படும் பேச்சுக்கு இரண்டு கட்டங்களை முழுதாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் சுருக்கச் சொல்லுங்கள். சுருக்கிய பேச்சு பெரும்பாலும் மேம்பட்டே வரும்.

எத்தனை தடம்?

தடம், அதாவது ட்ராக், ஒரே வகைப் பார்வையாளர் அரை நாளோ ஒரு நாளோ எழுந்து போகாமல் உட்காரக்கூடிய பேச்சுத் தொடர். மூன்று பேச்சுகூடத் தேறாத தலைப்புக்குத் தடம் என்று பெயர் வைப்பதில் பயனில்லை.

எந்த நேரத்திலும் வந்தவர்களில் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்குவரை அறைக்கு வெளியேதான் நிற்பார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அது தோல்வியின் அடையாளம் அல்ல. பலர் மாநாட்டுக்கு வருவதே அந்த வராந்தாப் பேச்சுக்காகத்தான். 300 பேர் வந்தால் அறைகளுக்குள் 200 முதல் 225 பேர் இருப்பார்கள். மூன்று அறை வைத்தால் சராசரி 70 பேர். ஐந்து வைத்தால் 40 பேர். அதிலும் ஒரு அறையில் நூறு பேர் நெருக்கியடிக்க, இன்னொன்றில் பேச்சாளரும் அவருடைய இரண்டு நண்பர்களும் உட்கார்ந்திருப்பார்கள். 150 பேருக்குள் என்றால் ஒரே தடமும் பக்கத்தில் ஒரு பட்டறை அறையும் போதும். எல்லோரும் ஒரே பேச்சைக் கேட்டிருந்தால் இடைவேளையில் பேசுவதற்குப் பொதுவான விஷயம் கிடைக்கும். முதல்முறை நடத்துபவர்கள் நினைத்ததைவிட ஒரு தடம் குறைத்துத் தொடங்குவதே நல்லது.

தடங்களின் பெயரை இறுதி செய்வது விண்ணப்பங்கள் வந்த பிறகுதான். அழைப்பில் ஐந்தாறு கருப்பொருள்களைக் குறிப்பிடுங்கள். பேச நினைப்பவருக்குத் தன் வேலை இங்கே பொருந்துமா என்று புரியும். ஆனால் தேர்வு முடிந்ததும் தேர்வான பேச்சுகளைச் சிறு அட்டைகளில் எழுதி மேசையில் பரப்பி, எவை சேர்ந்து நிற்கின்றன என்று பாருங்கள். ‘பாதுகாப்பு’ என்று நீங்கள் நினைத்த தடத்துக்கு இரண்டே பேச்சு வந்திருக்கும். யாரும் எதிர்பாராத விதமாக எழுத்துரு, மொழிபெயர்ப்பு, உள்ளீட்டு முறை பற்றி ஆறு பேச்சு வந்திருக்கும். வந்ததை வைத்துத் தடம் அமையட்டும். எதிலும் சேராத நல்ல பேச்சுகளுக்குப் ‘பொது’ என்று ஒரு தடம் இருந்தால் குடிமுழுகிப் போகாது.

நிரல் எழுதுவது பற்றிய பேச்சுகள் தாமாகவே வரும். ஆவணம் எழுதுவோர், வடிவமைப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், உரிமம் பற்றி அறிந்தவர்கள், திட்டங்களுக்கு நிதி திரட்டுபவர்கள் ஆகியோரை நீங்களே தேடிப் போய்க் கேட்க வேண்டும். ‘சமூகம்’ என்று பெயரிட்ட தடத்தை மூலையில் இருக்கும் சிறிய அறைக்குத் தள்ளுவது பல மாநாடுகளில் பழக்கமாகிவிட்டது. ஒருமுறையாவது அதைப் பெரிய அரங்கில் வைத்துப் பாருங்கள்.

புதியவர்களுக்கான தடத்தை முதல் நாள் காலையில் வையுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துவது, பிழை அறிக்கையை ஒழுங்காக எழுதுவது, ஆவணத்தில் ஒரு சிறு திருத்தம் அனுப்புவது, உரிமங்களைப் புரிந்துகொள்வது என்று வரிசையாகப் போக வேண்டும். இரண்டாம் நாள் மாலைக்குத் தள்ளினால், கற்றதைச் செய்துபார்க்க மாநாட்டுக்குள் நேரமே இருக்காது.

ஒரு தடத்தை வெளிச் சமூகத்திடம் முழுதாக ஒப்படைப்பதும் உண்டு. ஃபாஸ்டெமின் சமூக அறைகளில் நடப்பதைப்போல, அவர்களே அழைப்பு விட்டு, தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்துவார்கள். உங்கள் வேலை பாதி குறையும். ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பட்டியல் தர வேண்டிய கடைசி நாள், கட்ட நேரத்தை மாற்ற மாட்டோம் என்ற ஒப்புதல், நாள் முழுக்க அறையில் இருக்கப்போகும் இருவரின் பெயர். கடைசி நாளுக்குள் பட்டியல் வராவிட்டால் அறை திரும்ப உங்களுடையது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேச்சைத் தவிர்த்த வடிவங்கள்

பட்டறைதான் அதிகம் சொதப்பும் இடம், ஆகவே கொஞ்சம் விரிவாக. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகப் பட்டறை வைக்காதீர்கள். மென்பொருளை நிறுவவே அரை மணி போய்விடும். பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். 40 பேர் ஆளுக்கு 2 ஜிபி பதிவிறக்கினால் மொத்தம் 80 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பட்டறையே முடிந்துவிடும். எனவே நிறுவும் குறிப்புகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். எப்படியும் பாதிப் பேர் செய்துகொண்டு வரமாட்டார்கள் என்பதால் கோப்புகளைப் பென்டிரைவ்களிலும், அறைக்குள்ளேயே ஒரு கணினியிலும் நகலெடுத்து வையுங்கள். மடிக்கணினிகளுக்கு மின்சாரம் தர, இரண்டு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட் என்ற கணக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் தேவை. பட்டறைக்கு மட்டும் முன்பதிவு வையுங்கள். இடத்தைவிட நான்கைந்து பேர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், வராதவர்கள் எப்போதும் உண்டு.

குறும்பேச்சு என்பது ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் கிடையாது. எல்லோருடைய ஸ்லைடுகளையும் முன்கூட்டியே பிடிஎஃப் ஆக வாங்கி ஒரே மடிக்கணினியில் வரிசைப்படுத்துங்கள். ஆளுக்கொரு மடிக்கணினியை இணைக்கவிட்டால் ஐந்து பேச்சுக்குள் அரை மணி கரைந்துவிடும். பெயர் கொடுப்பதை அன்று மதியம்வரை திறந்து வையுங்கள். முதல்முறை மேடையேறுபவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

கூடிப் பேசும் அமர்வுகளுக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், புரொஜெக்டர் வேண்டாம். பேச வேண்டிய சிக்கலைப் பலகையில் எழுதி, குறிப்பெடுக்க ஒருவரை முதலிலேயே நியமியுங்கள். இந்த அமர்வுகளைப் பதிவு செய்யாமல் விடுவதே நல்லது. கேமரா ஓடினால் பராமரிப்பாளர்கள் மனதில் உள்ளதைப் பேசமாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலே இல்லாமல் அன்று காலையில் வந்தவர்களே தலைப்புகளைப் பலகையில் ஒட்டி நடத்தும் முறையும் உண்டு. 1980களில் ஹாரிசன் ஓவன் உருவாக்கிய ஓப்பன் ஸ்பேஸ் முறையும், 2005இல் தொடங்கிய பார்கேம்ப் கூட்டங்களும் இந்த வழியில் வந்தவை. ஒருவரையொருவர் ஓரளவு அறிந்த கூட்டத்தில் இது அருமையாக வேலை செய்யும். எல்லோரும் புதியவர்கள் என்றால் பலகை காலியாகவே நிற்கும். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு ஓர் அறையை இதற்கு விட்டுக்கொடுப்பது பாதுகாப்பான நடுவழி.

சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதும் ஸ்பிரிண்ட் நாள்களை மாநாட்டுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா? ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்யும் குழு என்றால் முன்பு வைக்கலாம், டெப்கேம்ப் அப்படித்தான். புதியவர்களைத் திட்டங்களுக்குள் இழுப்பதுதான் நோக்கம் என்றால் பைத்தான் நிரல்மொழிக்கான அமெரிக்க மாநாடான பைகான் யூஎஸ் செய்வதுபோலப் பின்னால் வையுங்கள். பேச்சைக் கேட்டு, பராமரிப்பாளரை இடைவேளையில் சந்தித்து, பிறகு அவர் மேசையில் போய் உட்காரத் துணிவு வரும்.

குழு விவாதம்? இரண்டு நாளுக்கு ஒன்று போதும். நான்கு பேர் ஒருவருக்கொருவர் தலையாட்டுவதைப் பார்க்க யாரும் பயணம் செய்து வருவதில்லை.

அழைப்பும் தேர்வும்

மாநாட்டுக்கு ஐந்து மாதம் முன்பு அழைப்பை வெளியிட்டு, ஐந்தாறு வாரம் திறந்து வையுங்கள். முதல் மூன்று வாரத்தில் பத்து விண்ணப்பம்கூட வரவில்லையே என்று பதற வேண்டாம்; பெரும்பகுதி கடைசி இரண்டு மூன்று நாளில்தான் வரும். தேர்வுக்கு மூன்று வாரம். முடிவைத் தெரிவித்த பிறகு பேச்சாளர் உறுதி செய்ய இரண்டு வாரம். விசா தேவைப்படுபவர்கள் இருந்தால் இந்த எல்லாத் தேதிகளையும் ஒரு மாதம் முன்னால் தள்ளுங்கள்.

படிவத்தில் கேட்க வேண்டியவை: தலைப்பு, பொதுவில் வெளியாகும் சிறு சுருக்கம், தேர்வுக் குழுவுக்கு மட்டுமான விரிவான குறிப்பு, யாருக்கான பேச்சு, எந்த வடிவம், மூல நிரல் இருக்கும் இணைப்பு, என்ன உரிமம், வர இயலாத நாளோ நேரமோ உண்டா, பதிவு செய்ய ஒப்புதல். மூல நிரல் இணைப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்குங்கள். கட்டற்ற மென்பொருள் என்ற பெயரில் வரும் விற்பனைப் பேச்சுகளில் பெரும்பகுதி அந்த இரண்டு கேள்விகளிலேயே சிக்கிக்கொள்ளும். புரவலர் நிறுவனங்களுக்கு மேடை தந்தே ஆக வேண்டுமென்றால், புரவலர் அமர்வு என்று நிகழ்ச்சி நிரலில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது மூன்று பேர் படித்து ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடட்டும். முதல் சுற்றில் பெயர்களை மறைத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் திறந்து, ஒருவருக்கு ஒரு பேச்சுக்கு மேல் போயிருக்கிறதா, ஒரே நிறுவனத்துக்கு மூன்று நான்கு இடம் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 3, 3, 3 வாங்கிய பேச்சுக்கும் 5, 3, 1 வாங்கிய பேச்சுக்கும் சராசரி ஒன்றுதான். ஆனால் முதலாவது யாரையும் தொடவில்லை. இரண்டாவதை ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அப்படி மதிப்பெண் சிதறிய பேச்சுகளை மட்டும் தனியே எடுத்துப் பேசுங்கள். காத்திருப்போர் பட்டியலில் ஐந்து பேரையாவது வைத்துக்கொண்டு, அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் விரிதாள் போதாது. பிரிடால்க்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் விண்ணப்பம் வாங்குவதிலிருந்து நிகழ்ச்சி நிரல் வெளியிடுவதுவரை கவனித்துக்கொள்ளும். ஐரோப்பிய அணு இயற்பியல் ஆய்வகமான செர்ன் உருவாக்கிய இண்டிகோவும் கட்டற்றதுதான். நிகழ்ச்சி நிரலைச் செயலிகள் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியிட்டால் ஆண்ட்ராய்டில் கிக்கிட்டி போன்ற செயலிகளில் அதைத் திறந்து பார்க்கலாம். தனிச் செயலி செய்யத் தேவையில்லை.

கட்டங்களில் பொருத்துதல்

முதலில் மாற்ற முடியாதவற்றைப் போடுங்கள்: சிறப்புரை, ஒரு நாள் மட்டும் வரக்கூடியவர்கள், இணையவழிப் பேச்சாளர்கள். அன்று காலைதான் வந்திறங்கும் பேச்சாளருக்கு முதல் கட்டத்தைத் தராதீர்கள். பிறகு தடங்களை அறைகளில் வைத்து, ஒவ்வொரு நேரத்துக்கும் குறுக்காகப் படித்துப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டையும் கேட்க விரும்புவாரா? ஆமென்றால் ஒன்றை நகர்த்துங்கள். வெவ்வேறு கூட்டத்தை ஈர்க்கும் இரண்டு பெரிய பேச்சுகளை ஒரே நேரத்தில் வைப்பதில் தவறில்லை, சொல்லப்போனால் நெரிசலைப் பிரிக்க அது உதவும்.

மதிய உணவுக்குப் பிந்தைய கட்டத்தில் செய்து காட்டும் பேச்சுகள் எடுபடும். உரிம நுணுக்கங்கள் எடுபடாது. கடைசி நாளின் கடைசிக் கட்டத்தில் பாதிக் கூட்டம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்பதால், அங்கே எல்லோரையும் பெரிய அரங்குக்கு வரவழைத்துக் குறும்பேச்சுகளை வையுங்கள். நிகழ்ச்சி நிரலை ஆறு வாரம் முன்பு வெளியிட்டு, கடைசி வாரத்தில் தவிர்க்க முடியாத மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்.

அன்றைய நாள்

அறைக்கு ஒரு பொறுப்பாளர், கேள்விக்கு மைக் கொண்டுபோக ஒருவர், பதிவைக் கவனிக்க ஒருவர். மீதி நிமிடங்களைப் பேச்சாளருக்குக் காட்ட, பொறுப்பாளரிடம் 10, 5, 1 என்று எழுதிய அட்டைகள் இருக்கட்டும். நேரம் முடிந்ததும் எழுந்து மேடைக்குப் போய் நிற்பதே அவர் வேலையின் கடினமான பகுதி, கூச்சப்படாதவரைப் போடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளோடு யூஎஸ்பி-சி மாற்றியும் ஒவ்வோர் அறையிலும் இருக்க வேண்டும்.

பேச்சாளர் ஒருவர் வரவில்லை என்றால் அடுத்த பேச்சை ஒருபோதும் முன்னால் இழுக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலை நம்பி அந்த நேரத்துக்கு வருபவர் ஏமாந்துபோவார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து யாராவது கிடைத்தால் போடுங்கள். இல்லையேல் கட்டம் காலியாகவே இருக்கட்டும், கேள்வி பதிலுக்கு விட்டுவிடலாம்.

பதிவில் படத்தைவிட ஒலி முக்கியம். கேமராவின் மைக்கை நம்பாமல் அரங்கின் ஒலிக் கலவைக் கருவியிலிருந்து நேரடியாக இணைப்பு எடுங்கள். சிறிய மாநாட்டுக்கு அறைக்கு ஒரு கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற காணொளிப் பதிவு மென்பொருள் போதும். நொடிக்கு 6 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி ஆகும். நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டால் மூன்று அறை, இரண்டு நாளுக்கு 100 ஜிபியைத் தாண்டும், நகலுக்கும் சேர்த்து வட்டில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பேச்சாளரிடம் ஒரு வாரம் முன்பே பதிவு செய்த காணொளியை வாங்கிக்கொண்டு, கேள்வி பதிலை மட்டும் நேரலையில் நடத்துங்கள். 2021இல் ஃபாஸ்டெம் முழுதும் இணையத்தில் நடந்தபோது இந்த முறைதான் கைகொடுத்தது.

ஒவ்வொரு பேச்சும் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் அறையில் உள்ள தலைகளை எண்ணி ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். எந்த அறை நிரம்பி வாசலில் ஆள் நின்றது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை தடம் என்று வாதிடும்போது அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.